டார்வினைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா?

மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தும். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் மனிதன் பரிணாம வளர்ச்சியால் வந்தான் என்கிறார். இங்கே கடவுள் மண்ணைப் பிசைந்து ஆதாமைப் படைத்தார் என்கிறீர்கள். இதில் எது உண்மை, ஃபாதர்? வகுப்பே அமைதியாகி நம் முகத்தைப் பார்க்கும்.

நம்மில் பலர் இரண்டு வழிகளில் தப்பித்துக்கொள்கிறோம். ஒன்று, டார்வின் ஒரு நாத்திகர், அவர் சொன்னதை நம்பாதே என்கிறோம். இல்லையென்றால், பள்ளியில் கேட்டால் அதை எழுது, இங்கே கேட்டால் இதை எழுது என்கிறோம். இரண்டுமே அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதி. முதல் பதிலைக் கேட்ட பிள்ளை கல்லூரிக்குப் போனதும், நாம் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கும். இரண்டாம் பதிலைக் கேட்ட பிள்ளை, விசுவாசம் என்பது தேர்வுக்கு எழுதும் விடை மட்டுமே என்று கற்றுக்கொள்ளும். எனவே அந்த மனிதர் யார், அவர் உண்மையில் என்ன சொன்னார், கடவுளைப் பற்றி என்ன நினைத்தார் என்று முதலில் நாம் அறிந்துகொள்வோம்.

குருவாகப் போக வேண்டியவர்

சார்லஸ் டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பெரி நகரில் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் பேர்பெற்ற மருத்துவர். தாய் சூசன்னா, சார்லசுக்கு எட்டு வயதாக இருந்தபோதே இறந்துபோனார். மகனும் மருத்துவராக வேண்டும் என்று விரும்பிய தந்தை 1825-ல் அவரை எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார். மயக்க மருந்து வராத காலம் அது. இரண்டு அறுவை சிகிச்சைகளை அவர் பார்க்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. முடியும்வரை நிற்க முடியாமல் வெளியே ஓடிவந்துவிட்டார். மருத்துவப் படிப்பு அத்தோடு கசந்துபோனது. துன்புறும் குழந்தையின் முகம் அவர் வாழ்வில் மீண்டும் வரும் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அடுத்து தந்தை தேர்ந்தெடுத்த வழி நமக்கு வியப்பைத் தரும். ஆங்கிலிக்கன் சபையின் குருவாகட்டும் என்று மகனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். 1828 முதல் 1831 வரை டார்வின் அங்கே கிறிஸ்து கல்லூரியில் படித்தார். வில்லியம் பேலி என்ற குரு எழுதிய நூல்கள் அவருக்குப் பாடமாக இருந்தன. கடிகாரத்தைப் பார்த்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று அறிகிறோம். அதுபோல உயிரினங்களின் அமைப்பைப் பார்த்தால் படைத்தவரை அறியலாம் என்பது பேலியின் வாதம். இளைஞரான டார்வினை இந்த வாதம் மிகவும் கவர்ந்தது. வகுப்பு நேரம் போக மீதி நேரமெல்லாம் வண்டு பிடிப்பதில் கழிந்தது. ஹென்ஸ்லோ என்ற பேராசிரியர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். ஹென்ஸ்லோ தாவரவியல் பேராசிரியர் மட்டுமல்ல, அவரும் ஒரு குருதான்.

இந்தக் குருவின் பரிந்துரையால்தான் பீகிள் என்ற கப்பலில் உலகைச் சுற்றும் வாய்ப்பு டார்வினுக்குக் கிடைத்தது.

ஐந்து ஆண்டுக் கடல் பயணம்

1831 டிசம்பர் 27-ஆம் நாள் பீகிள் புறப்பட்டது. இரண்டு ஆண்டுப் பயணம் என்று சொன்னார்கள். திரும்பி வந்தது 1836 அக்டோபர் 2-ஆம் நாள். கப்பலில் ஏறிய நாள் முதல் வாந்தியும் தலைசுற்றலும் டார்வினை வாட்டின. ஆனாலும் இறங்கிய இடமெல்லாம் கல்லையும் எலும்பையும் செடியையும் பூச்சியையும் சேகரித்தார்.

அர்ஜென்டினாவின் கடற்கரையில், அழிந்துபோன மாபெரும் விலங்குகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். ஓடு போர்த்திய பெரிய விலங்கு ஒன்றின் எச்சங்கள், அதே நாட்டில் இன்றும் உலவும் சிறிய ஆர்மடில்லோவை ஒத்திருந்தன. அழிந்தவையும் வாழ்பவையும் ஒரே இடத்தில் ஒரே சாயலில் இருப்பது ஏன் என்ற கேள்வி அவர் மனதில் விழுந்தது. 1835 பிப்ரவரி 20-ஆம் நாள் சிலி நாட்டில் பெரும் நிலநடுக்கம் வந்தது. கடலோர நிலம் சில அடிகள் உயர்ந்து, கடல் சிப்பிகள் நீருக்கு மேலே காய்ந்து கிடப்பதை அவர் கண்டார். பூமி இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

அதே ஆண்டு செப்டம்பரில் கலாபகோஸ் தீவுகளை அடைந்தார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும் என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் அவரிடம் சொன்னார். சிறு குருவிகளையும் டார்வின் சேகரித்தார். அவற்றின் அருமை அவருக்கு அப்போது புரியவில்லை. 1837-ல் இலண்டனில் ஜான் கூல்டு என்ற பறவை அறிஞர் அவற்றை ஆராய்ந்து, வெவ்வேறு அலகுகள் கொண்ட அவை அனைத்தும் நெருங்கிய உறவுள்ள தனித்தனி இனங்கள் என்று காட்டினார். ஒரே மூதாதைக் குருவியிலிருந்து இவை பிரிந்து வந்திருந்தால்? இந்தக் கேள்வியை டார்வின் விடவேயில்லை.

அவர் என்ன சொன்னார்?

1838-ல் மால்தஸ் எழுதிய மக்கள்தொகை பற்றிய நூலை டார்வின் படித்தார். மால்தசும் ஒரு ஆங்கிலிக்கன் குருவே. உணவைவிட வேகமாக உயிர்கள் பெருகும் என்பது அந்நூலின் கருத்து. அதிலிருந்து டார்வினுக்கு வழி திறந்தது. அவர் கண்ட உண்மையை எளிமையாக நான்கு படிகளில் சொல்லலாம்.

முதலாவது, ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே வயிற்றில் பிறந்த குட்டிகளிலும் வேறுபாடு உண்டு. இரண்டாவது, இவ்வேறுபாடுகளில் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. மூன்றாவது, பிழைக்கக்கூடியதைவிட அதிகமாக உயிர்கள் பிறக்கின்றன. மிக மெதுவாகப் பெருகும் யானைகூட, ஒரு சோடியிலிருந்து தொடங்கி எல்லாக் குட்டிகளும் பிழைத்தால், ஏறத்தாழ 750 ஆண்டுகளில் 1 கோடியே 90 லட்சமாகிவிடும் என்று அவர் கணக்கிட்டார். அப்படி நடப்பதில்லை, பெரும்பாலானவை மடிகின்றன. நான்காவது, எந்த வேறுபாடு அந்த இடத்தில் வாழ உதவுகிறதோ, அதை உடையவை சற்று அதிகமாகப் பிழைத்து, அதிகக் குட்டிகளை விட்டுச் செல்கின்றன. இப்படித் தலைமுறை தலைமுறையாக நடக்கும்போது இனமே மாறுகிறது. புறா வளர்ப்பவர் தமக்குப் பிடித்த புறாவைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதைப்போல, இங்கே இயற்கைச் சூழலே தேர்ந்தெடுக்கிறது. எனவேதான் இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயரிட்டார்.

இது வெறும் ஊகம் அல்ல. அதே கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாப்னே மேஜரில் 1977-ல் கடும் வறட்சி வந்தது. சிறிய விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே மிஞ்சின. பெரிய அலகு கொண்ட குருவிகளே அதிகமாகப் பிழைத்தன. அடுத்த தலைமுறைக் குருவிகளின் சராசரி அலகு பெரிதாக இருந்தது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியரும் அவர்களோடு உழைத்தவர்களும் ஒவ்வொரு குருவியாக அளந்து இதைக் கண்டறிந்தார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமிகள் உருவாவதும் இதே விதிப்படிதான்.

இரண்டு தவறான எண்ணங்களை இங்கே களைந்துவிட வேண்டும். இன்றுள்ள குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று பரிணாமக் கொள்கை சொல்லவில்லை. குரங்குகளுக்கும் நமக்கும் மிகப் பழங்காலத்தில் பொதுவான மூதாதையர் இருந்தனர் என்றே சொல்கிறது. அடுத்து, வலியவன் வாழ்வான், எளியவன் அழியட்டும் என்பதும் டார்வினின் போதனை அல்ல. தகுதி என்பது உடல் பலம் அல்ல, சூழலுக்குப் பொருந்துவது. மண்ணின் நிறத்தில் இருப்பதால் பருந்தின் கண்ணில் படாமல் தப்பும் எலியும் தகுதியுள்ளதே. இக்கொள்கையைத் திரித்து ஏழைகளையும் பிற இனத்தாரையும் நசுக்கியவர்கள் பின்னாளில் வந்தார்கள். டார்வினின் நூல்களிலும் அவர் காலத்து இனப் பாகுபாட்டின் சாயல்கள் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரேசிலில் அடிமைகள் வதைக்கப்படுவதைக் கண்டு கொதித்து, அதன் பொருட்டுத் தம் கப்பல் தலைவரோடு சண்டையிட்டவரும் அவரே.

மால்வெர்னில் ஒரு கல்லறை

1839 சனவரி 29-ஆம் நாள் டார்வின் தம் உறவுப் பெண்ணான எம்மாவை மணந்தார். எம்மா ஆழ்ந்த பக்தியுள்ளவர். கணவரின் சந்தேகங்கள் அவருக்குத் தெரியும். மறுவாழ்வில் தாங்கள் பிரிந்துவிடுவோமோ என்ற அச்சத்தை அவருக்குக் கடிதமாகவே எழுதிக் கொடுத்தார். டார்வின் அக்கடிதத்தை வாழ்நாள் முழுதும் பாதுகாத்து வைத்திருந்தார். 1842-ல் கென்ட் மாவட்டத்தின் டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார்கள். பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். மூவர் சிறுவயதிலேயே இறந்தார்கள்.

அவர்களில் ஆனி தந்தையின் செல்ல மகள். பத்து வயதில் அவள் நோயுற்றபோது, சிகிச்சைக்காக மால்வெர்ன் என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார்கள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்ததால் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. தந்தை படுக்கையருகே இருந்து பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் மகளின் நிலையை மனைவிக்குக் கடிதத்தில் எழுதினார். 1851 ஏப்ரல் 23-ஆம் நாள் ஆனி இறந்தாள். மால்வெர்ன் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். அடக்கத்திற்குக்கூட நில்லாமல் டார்வின் மனைவியிடம் விரைந்தார். ஒரு வாரம் கழித்து மகளின் நினைவாகச் சில பக்கங்கள் எழுதினார். ஆனியின் பொருட்களை எம்மா ஒரு சிறு பெட்டியில் போட்டுத் தம் சாவுவரை வைத்திருந்தார்.

பங்குகளில் பணியாற்றும் நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சிறு சவப்பெட்டியின் முன் நின்று செபம் சொல்லியிருக்கிறோம். ஆண்டவர் விருப்பம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அந்தத் தாய் நம்மைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் தலைகுனிந்தும் இருக்கிறோம்.

ஆனியின் சாவுதான் டார்வினின் விசுவாசத்தைக் கொன்றது என்று சிலர் எளிதாகச் சொல்வதுண்டு. அவரோ, தம் நம்பிக்கை மிக மெதுவாகவே தேய்ந்தது என்று எழுதி வைத்தார். அதற்கு அவர் காட்டும் காரணங்கள் நாம் அமர்ந்து சிந்திக்க வேண்டியவை. விசுவசியாத தம் தந்தையும் அண்ணனும் நண்பர்களும் முடிவில்லா நரகத்திற்குத் தள்ளப்படுவர் என்ற போதனையை அவரால் ஏற்க முடியவில்லை. படைப்பில் இத்தனை துன்பம் ஏன் என்ற கேள்விக்கும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. உயிருள்ள புழுவின் உடலில் முட்டையிட்டு, குஞ்சுகள் அதைத் தின்று வளரும்படி விடும் குளவிகளை அன்பான இறைவன் திட்டமிட்டுப் படைத்தாரா என்று அவர் கலங்கினார். யோபு கேட்ட கேள்வியின் இன்னொரு வடிவம்தானே இது? நம்முடைய விவிலியமே அந்தக் கேள்விக்கு ஒரு முழு நூலை ஒதுக்கியிருக்கும்போது, கேட்டவரை மட்டும் நாம் எதிரி என்று எப்படிச் சொல்ல முடியும்?

நேர்மைக்கு வந்த சோதனை

தம் கொள்கையை 1844-லேயே நீண்ட கட்டுரையாக எழுதிய டார்வின், அதை வெளியிடாமல் வைத்திருந்தார். பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற உயிரினத்தை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். புறா வளர்த்தார். சான்றுகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1858 சூன் 18-ஆம் நாள் ஒரு தபால் வந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிக்கொண்டிருந்த வாலஸ் என்ற இளைஞர் அதே கொள்கையைத் தாமாகவே கண்டறிந்து, கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தார். இருபது ஆண்டு உழைப்பு கைநழுவும் நேரம். அக்கடிதத்தை மறைத்துவிட்டுத் தம் நூலை முந்தி வெளியிட்டிருக்கலாம். டார்வின் அதைச் செய்யவில்லை. நண்பர்களிடம் கடிதத்தைக் கொடுத்து, நியாயமானதைச் செய்யுமாறு கேட்டுக்கொண்டார். சூலை 1-ஆம் நாள் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துகளும் சேர்ந்து வாசிக்கப்பட்டன. டார்வின் அங்கே போகவில்லை. மூன்று நாட்களுக்கு முன் காய்ச்சலில் இறந்த தம் கடைசிக் குழந்தையின் துக்கத்தில் இருந்தார்.

1859 நவம்பர் 24-ஆம் நாள் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்தது உண்மை. ஆனால் திருமறையாளர் அனைவரும் எதிர்த்தனர் என்பது உண்மையல்ல. சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குரு அந்நூலைப் பாராட்டி எழுதினார். அமெரிக்காவில் அக்கொள்கைக்காக வாதாடிய தாவரவியல் பேராசிரியர் ஏசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர்.

டவுன் கிராமத்தின் பங்குக் குரு ஜான் இன்னஸ் டார்வினின் நெடுநாள் நண்பர். கருத்தில் இருவரும் எதிரெதிர் துருவங்கள். ஆனால் ஊரின் ஏழைகளுக்கான நற்பணிகளில் டார்வின் குருவோடு தோள்கொடுத்தார். உழைப்பாளிகளின் சேமிப்புச் சங்கத்திற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் பொருளாளராகக் கணக்கு எழுதினார். ஞாயிறன்று குடும்பம் ஆலயத்திற்குள் போக, அவர் வெளியே உலாவச் செல்வது வழக்கம். தென் அமெரிக்காவின் தென்கோடி மக்களிடையே மறைபரப்பாளர் பணி பயன் தராது என்று முதலில் எண்ணியவர், அது பயன் தருவதைக் கண்டதும் தம் தவற்றை ஒப்புக்கொண்டு அச்சபைக்கு நன்கொடை அனுப்பினார். தவறு என்று தெரிந்ததும் மாற்றிக்கொள்ளும் இந்தப் பண்பு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

ஒரு பொய்க் கதை

டார்வின் 1882 ஏப்ரல் 19-ஆம் நாள் இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சாகும் தறுவாயில் அவர் தம் கொள்கையைக் கைவிட்டு, விவிலியத்தை அணைத்துக்கொண்டு மனம்மாறினார் என்று ஒரு கதை இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. லேடி ஹோப் என்பவர் பெயரில் 1915-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த கதை அது. படுக்கையருகே இருந்த மகள் ஹென்ரியட்டா 1922-ல் அதை முற்றிலும் மறுத்தார்.

வருந்தி ஒப்புக்கொள்கிறோம்: நாமும் இளங்குருவாக இருந்தபோது ஒரு தியான உரையில் இதே கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதுண்டு. உரை முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வந்து, அது உண்மையல்ல ஃபாதர் என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். உண்மையின் ஆண்டவருக்குப் பொய்யால் சாட்சியம் தேவையில்லை என்பதை அன்று கற்றோம். டார்வின் இறுதிவரை தம்மை நாத்திகர் என்று சொல்லவில்லை. கடவுளைப் பற்றித் தமக்குத் தெரியாது என்பதே அவர் நிலை. அதை அப்படியே ஏற்று, அவரை இறைவனின் இரக்கத்தில் விட்டுவிடுவதே நமக்கு அழகு.

திருச்சபை என்ன சொல்கிறது?

டார்வினின் பரிணாம நூலைத் திருச்சபை ஒருபோதும் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. தயக்கம் இருந்தது உண்மை. ஜான் ஸாம் என்ற குரு பரிணாமத்தை ஆதரித்து எழுதிய நூலை 1898-ல் உரோமை தடைசெய்யத் தீர்மானித்தது. ஆனால் அத்தீர்மானத்தை வெளியிடவில்லை. 1950-ல் திருத்தந்தை 12-ஆம் பயஸ், மனித உடலின் தோற்றம் பற்றி அறிஞர் ஆராயத் தடையில்லை என்றும், ஆன்மா நேரடியாக இறைவனால் படைக்கப்படுகிறது என்றும் தம் சுற்றுமடலில் கற்பித்தார். 1996-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். 2014-ல் திருத்தந்தை பிரான்சிஸ், பரிணாமம் படைப்புக்கு முரணானது அல்ல என்று தெளிவுபடுத்தினார்.

இன்னொரு செய்தியும் நமக்குப் பெருமை தருவது. பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பது டார்வினுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் வாழ்ந்த அதே காலத்தில், புருன் நகர அகுஸ்தீனார் மடத்தின் தோட்டத்தில் கிரகோர் மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வளர்த்து அதற்கு விடை கண்டிருந்தார். 1866-ல் வெளியான அவரது கட்டுரை டார்வினின் பார்வைக்கு வரவேயில்லை. டார்வினிடம் இல்லாத திறவுகோல் ஒரு கத்தோலிக்கக் குருவின் கையில் இருந்தது!

அப்படியானால் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது? தொடக்கநூல் உயிரியல் பாடம் அல்ல. நாம் யாரிடமிருந்து வந்தோம், எதற்காக வந்தோம் என்று அது சொல்கிறது. எந்த வழியாக, எத்தனை காலத்தில் வந்தோம் என்று அறிவியல் சொல்கிறது. அறிவியலுக்கு இன்னும் தெரியாத இடைவெளியில் கடவுளைக் கொண்டுபோய் வைத்தால், அந்த இடைவெளி அடைபடும்போது விசுவாசமும் ஆட்டம் காணும். பேலியின் கடிகாரத்தின்மேல் கட்டிய நம்பிக்கை டார்வினிடம் அப்படித்தான் சரிந்தது. நம் கடவுள் இடைவெளிகளில் ஒளிந்திருப்பவர் அல்லர். குருவியின் அலகு மாறும் கோடிக்கணக்கான ஆண்டுகளையும் தம் கையில் தாங்கி நிற்பவர்.

துன்பம் ஏன் என்ற கேள்விக்கோ நம்மிடம் சூத்திரம் போன்ற விடை இல்லை. சிலுவையில் தொங்கும் மகனே நமக்கு உண்டு. அவர் துன்பத்தை விளக்கிவிட்டுப் போகவில்லை. அதற்குள்ளேயே வந்து நின்றார். டார்வினுக்கு இதை யாராவது மால்வெர்ன் கல்லறையருகே நின்று, வாதம் செய்யாமல், கண்ணீரோடு சொல்லியிருந்தால் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த முறை ஒரு பிள்ளை கை உயர்த்தும்போது அதட்டாமல், மழுப்பாமல் பதில் சொல்வோம். அடுத்த முறை ஒரு சிறு சவப்பெட்டியின் முன் நிற்கும்போது, அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் அந்தப் பெற்றோரோடு சற்று நேரம் மௌனமாக நிற்போம். தேடும் உள்ளங்களை நம் அறியாமையாலும் அவசரத்தாலும் ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்திவிடாதிருக்கும் வரத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.